அம்பாரோ அடித்த முளை

கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்பாரோ அந்த ஆளை முதலில் பார்த்தாள். வாய்க்கால் கரையில் ஒரு முக்காலி. அதன்மேல் பித்தளைக் குழாய். குழாயில் ஒரு கண்ணை ஒட்டவைத்து, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து நின்றார், தொப்பி போட்ட வயதான அமெரிக்கர் ஒருவர். அவருக்கு நேரே, முலாம்பழக் காட்டின் வரப்பில், வேறொருவன் சிவப்பும் வெள்ளையும் பூசிய நெடுங்கோல் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி அவள் கணவர் வர்யாம் சிங் குனிந்து கொடி ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் பார்த்தது கோலையா, கோலுக்குப் பின்னால் தெரிந்த மஞ்சள் தலைப்பாகையையா என்று அவளுக்குப் புரியவில்லை.

கையிலிருந்த சோளம் மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டாள். கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு சண்டை போட்டன.

சாயங்காலம் அந்த மனிதர் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தன் பெயர் ஓடெல் என்றார். மெக்ஸிகோக்காரியான அம்பாரோவுக்கு இங்கிலீஷ் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். அவருக்கு ஸ்பானிஷ் வந்தது, ஆனால் அவள் இதுவரை கேட்டிராத ஸ்பானிஷ். ஆண்பால், பெண்பால் எல்லாம் அவர் வாயில் தாறுமாறாகப் புரண்டன.

"அம்மா, வணக்கம். நான் வாஷிங்டன். அரசாங்கம். இங்க ஒருத்தனை விட்டுட்டுப் போறேன்." வீட்டுப் பக்கமாகக் கையை ஆட்டினார். "அவன் எங்கயும் போகக் கூடாது. காலையில நான் வருவேன், அவனைப் பாக்குறதுக்கு. யாரும் அவனை ஒளிச்சு வெக்காதீங்க, சரியா?"

அம்பாரோ தலையை மட்டும் ஆட்டினாள். அவர் வேலியோர சவுக்கு மரத்தடியில் குனிந்து ஏதோ தட்டிவிட்டு, கோல்காரனையும் ஏற்றிக்கொண்டு லாரியில் கிளம்பிப் போனார்.

வர்யாம் சிங் கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது அவள் அடுப்படியில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களைப் புடிக்க வந்திருக்காங்க."

"யாரு?"

"வாஷிங்டன்ல இருந்து. நீங்க எங்கயும் போகக் கூடாதாம். காலையில வருவாராம்."

வர்யாம் சிங் ஈரக் கையைத் துடைக்க மறந்து நின்றார். பல வருஷமாக இருவரும் பயந்துகொண்டிருந்த விஷயம் அது. இந்தியாவிலிருந்து வந்தவன் கலிஃபோர்னியாவில் நிலம் வாங்கவும் கூடாது, குத்தகைக்கு எடுக்கவும் கூடாது என்பது சட்டம். அதனால் இம்பீரியல் பள்ளத்தாக்கில் சிங் என்று பெயர் வைத்திருந்தவர்களெல்லாம் யாராவது ஒரு அமெரிக்கர் பேரில் பத்திரத்தை எழுதிவிட்டு, உழுது விதைத்துத் தண்ணீர் கட்டுவதைத் தாங்கள் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் நிலம் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த ஹாஸ்கல் பேரில் இருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் ஏழெட்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஏற்பாடு வைத்திருந்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்து, பத்திரம் யாருது, பயிர் யாருது என்று கிழித்துத் தொங்கவிட்டதை யாரும் மறக்கவில்லை.

வர்யாம் சிங் இருட்டுவதற்குள் டவுனுக்குப் போய் ஹாஸ்கலைப் பார்த்துவிட்டு வந்தார். போனபோது இருந்த நிறம் திரும்பி வரும்போது இல்லை.

"அவரு என்னைவிடப் பயந்துட்டாரு. அளக்க ஆள் வந்திருக்காங்கன்னு டவுன் முழுக்கப் பேச்சாம். கொஞ்ச நாள் கண்ணுல படாதேங்கிறாரு. நீ கேட்டா என்ன சொல்லணும் தெரியுமில்ல?"

"ஹாஸ்கல் நிலம். நான் கூலிக்கு இருக்கேன். புருஷன்..." அவள் நிறுத்தினாள். "புருஷன் எங்கன்னு சொல்றது?"

"ஓடிப்போயிட்டான்னு சொல்லு."

"அத நான் சந்தோஷமா சொல்வேன்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நிலாண்ட் பக்கம் தக்காளி போட்டிருந்த சிநேகிதர் லாபு சிங்கிடம் போய் இருப்பதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது பிள்ளைகள் மூன்றும் தூங்கிவிட்டிருந்தன. வர்யாம் சிங் அவர்கள் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, "தண்ணி முறை வருது. மேல மடையை முழுசாத் திறந்துடாதே, கரை தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற நேரத்தில் அவருக்கு மடைதான் ஞாபகம் வந்தது என்று அம்பாரோவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது.

விடிந்ததும் சவுக்கு மரத்தடியில் போய்ப் பார்த்தாள். மரத்தை ஒட்டி ஒரு முளை அடிக்கப்பட்டிருந்தது. தலையில் சிவப்புச் சாயம். நிலத்தைப் பறிக்கிறவர்கள் முதலில் முளைதான் அடிப்பார்கள் என்று அவள் அப்பா மெக்ஸிகோவில் இருந்த காலத்திலேயே சொல்லிக் கேட்டிருக்கிறாள். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கிவிட்டாள்.

பால் வாங்க வந்த அக்கா ஹொவிதா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹொவிதாவும் ஒரு சிங்குக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் காடு.

"ஏன்டி, உனக்குக் கிறுக்கா? அரசாங்க முளைடி அது! புடுங்கினதுக்குத் தனிக் கேஸ் போடுவாங்க."

"போட்டா போடட்டும்."

"போட்டா பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா, நானா? எனக்கு ஏற்கெனவே அஞ்சு. வை, வை, இருந்த இடத்துலயே வை."

அம்பாரோ அதே குழியில் முளையைச் செருகி, மாவு அரைக்கும் குழவியை எடுத்துவந்து தலையில் போட்டாள். யாரும் தொட்டதாகவே தெரியக் கூடாதென்று இரண்டு போடு கூடவே போட்டாள். சுற்றிலும் மண்ணை மிதித்துவிட்டாள். ஹொவிதா அதன்மேல் சவுக்குச் சருகு கொஞ்சம் தூவி, தூர நின்று பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள்.

ஓடெல் சொன்னபடியே காலையில் வந்தார். முளையின் தலையில் கோலை நிறுத்தச் சொல்லிக் குழாயில் பார்த்தார். எழுதிக்கொண்டார். வர்யாம் சிங் எங்கே என்று கேட்கவே இல்லை. குழாயையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கமாக அளந்தபடியே போய், கண்ணுக்கு மறைந்துவிட்டார். அம்பாரோவுக்கு நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது பாதி இறங்கியது. கணவருக்குச் சொல்லியனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒருநாள் இடைவிட்டு அவர் மறுபடியும் வந்து நின்றார். முளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, இவன் ராத்திரி எங்கயாவது நடந்தானா?"

"அவரு வீட்டுலயே இல்ல, மிஸ்டர். ஓடிப்போயிட்டாரு."

ஓடெல் அவளைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். "இல்ல அம்மா, இங்கதான் இருக்கான்" என்று சோர்வாகச் சொன்னார். வீட்டுக்குள் தேடுவார் என்று அம்பாரோ எதிர்பார்த்தாள். அவர் தேடவில்லை. அன்று முழுக்க மறுபடி அளந்துவிட்டு, சாயங்காலம் வாய்க்கால் கரையில் புதிதாக இன்னொரு முளை அடித்துவிட்டுப் போனார். அந்த முளையை அம்பாரோ தொடவே இல்லை. சத்தியமாகத் தொடவில்லை.

அதற்குப் பிறகும் அவர் வந்தார். இந்த முறை கூடாரத்தோடு வந்தார்.

"அம்மா, மன்னிக்கணும். கணக்கு உதைக்குது. தப்பு இங்கதான் எங்கயோ இருக்கா. அவளைக் கண்டுபுடிக்காம நான் போக முடியாது. உங்க மரத்தடியில தங்கிக்கட்டுமா?"

முடியாது என்று அரசாங்கத்திடம் எப்படிச் சொல்வது? அம்பாரோ சரியென்றாள். கூடாரம் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே எழுந்தது. கோல்காரன் விசிலடித்துக்கொண்டே துணி காயப்போட்டான்.

இப்போது கணவருக்கு என்னவென்று சொல்லியனுப்புவது? வரலாம் என்றா? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ரொட்டி தட்டினாள். ஓடெல் கூடாரத்துக்கு வெளியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் மூடி இடது கண்ணால் பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். திரும்பத் திரும்ப அதையே செய்தார்.

"வீட்டையே நோட்டம் விடுறான்டி" என்றாள் ஹொவிதா, ஜன்னலோரம் தலையைத் தாழ்த்திக்கொண்டு. "ஒரு கண்ணுக்குத் தெரியாதது மறு கண்ணுக்குத் தெரியும்னு பாக்குறான்."

"அக்கா, நீ வீட்டுக்குப் போ."

"போகும்போது என்னையும் பாப்பானே!"

இந்த லட்சணத்தில் வாய்க்கால்காரர் வேறு குதிரையில் வந்து, நாளை மத்தியானம் இவர்களுக்குத் தண்ணீர் முறை என்று சொன்னார். "வர்யாம் எங்கே?" என்றார். உடம்புக்கு முடியவில்லை, படுத்திருக்கிறார் என்றாள் அம்பாரோ. "இந்த முறையை விட்டா முலாம் கருகிடும். பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதை அவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா? சித்திரை வெயில் ஏற்கெனவே கொடி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் வந்தது. கொலராடோ ஆற்றின் தண்ணீர், வழக்கம்போலச் செம்மண் குழம்பாக வந்தது. அம்பாரோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல் மடையில் நின்றாள். ஹொவிதா கீழே பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட்டாள். முதல் சாலெல்லாம் ஒழுங்காகத்தான் ஏறிற்று. பிறகு மடைப் பலகை கையை விட்டு வழுக்கி ஒரேயடியாக மேலே போய்விட்டது. கணவர் எதைச் செய்யாதே என்று சொன்னாரோ அதுவே நடந்தது. வரப்பின் ஒரு மூலை முதலில் கசிந்து, பிறகு வாய் பிளந்து, தண்ணீர் முலாம்பழத்தை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கமாகக் கிளம்பியது.

"போச்சு! போச்சு!" என்று ஹொவிதா அலறினாள்.

அம்பாரோ மண்ணை வாரி வாரிக் கொட்டினாள். கொட்டக் கொட்டக் கரைந்துபோயிற்று. நிமிர்ந்து பார்த்தால், ஓடெலும் கோல்காரனும் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"என்ன மிஸ்டர் வேடிக்கை? அந்தக் கண்ணு, இந்தக் கண்ணுன்னு எல்லாத்தையும் பாத்தீங்கல்ல! இப்ப கை இருக்கா இல்லையா? மண்வெட்டி அந்தா இருக்கு, எடுங்க!"

வாஷிங்டன்காரரை அவள் அதட்டியதைக் கேட்டு ஹொவிதா அலறலைக்கூட நிறுத்திவிட்டாள். ஓடெல் ஒரு கணம் விழித்தார். பிறகு பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினார். கோல்காரன் ஓடிப்போய் மடைப் பலகையின் மேல் ஏறி நின்று தன் உடம்புக் கனத்தால் அதை இறக்கினான். ஓடெல் கூடாரத்துச் சாக்குகளைக் கொண்டுவரச் சொன்னார். அம்பாரோ சாக்கில் மண் நிரப்ப, அவர் உடைப்பில் அடுக்கினார். நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்து, இடுப்புவரை சேறாகி, தன் சொந்த மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அது நல்ல வார்த்தையில்லை என்பது அம்பாரோவுக்குப் புரிந்தது. ஏனோ அதைக் கேட்டதும் அவர்மேல் இருந்த பயம் கொஞ்சம் விட்டது.

உடைப்பு அடைபட்டு, தண்ணீர் மறுபடி பாத்திகளுக்குத் திரும்பியபோது நால்வரும் கரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிப் பாத்திவரை தண்ணீர் ஏறுவதை அம்பாரோ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உழைத்தவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கோழியை மிளகாய் அரைத்துக் கறி வைத்து, பயறும் ரொட்டியும் வைத்தாள். ஓடெல் முதல் வாயிலேயே கண் கலங்கி, தண்ணீர் குடித்து, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இந்த முற்றம் இருக்காரே" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடலுக்கு எவ்வளவு கீழே இருக்கார் தெரியுமா?"

"தெரியும் மிஸ்டர். இங்க எல்லாருக்கும் தெரியும். கடல் கிளம்பி வந்தா மட்டும் சொல்லுங்க."

கோல்காரன் சிரித்துப் புரையேறினான். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அம்பாரோ, ரொட்டித் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"அதை எதுக்கு அளக்குறீங்க? யாருக்காக?"

"படம். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு படம்." அவர் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, கூடாரத்திலிருந்து ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் நெளிந்து ஓடின. ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் சேர்த்து இழுத்த கோடுகள் என்றார். நீலத்தில் வாய்க்கால்கள். கறுப்பில் ரோடு, ரயில் பாதை. ரோட்டோரம் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். ஒரு கட்டத்தின்மேல் பென்சில் முனையை வைத்தார். "இது நீங்க."

அம்பாரோ குனிந்து பார்த்தாள். மிளகைவிடச் சின்னக் கட்டம். அதைச் சுற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

"பேரு எங்க?"

"எந்தப் பேரு?"

"வீட்டுக்காரர் பேரு. நிலம் யாருதுன்னு."

"வாய்க்காலுக்குப் பேரு போடுவோம். பள்ளிக்கூடத்துக்குப் போடுவோம். வீட்டுக்குப் பேரு கிடையாது."

"அப்ப எங்கயாவது எழுதி வெச்சிருப்பீங்க. யாரு உழுறாங்க, யாரு பத்திரம்னு."

ஓடெல் தலையை ஆட்டினார். "அது நான் கேக்கறதே இல்ல. கேட்டா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு சண்டை இருக்கும். என் வேலை எப்ப முடியறது? மண்ணு எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம். அவ்வளவுதான் அம்மா."

அம்பாரோ அந்தத் தாளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தாள். சிங் என்று ஒன்றும் இல்லை. ஹாஸ்கல் என்றும் இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் யாருக்கும் சொந்தமில்லாததுபோலக் கோடுகள் மட்டும் ஓடின. அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த ரொட்டி மடியில் சரிந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"அப்ப 'அவன் எங்கயும் போகக் கூடாது'ன்னு அன்னிக்குச் சொன்னீங்களே... யாரை?"

"முளையை!" என்றார் ஓடெல். "அவன்தான் என் அடையாளம். சாயங்காலம் உயரக் கணக்கை அவன் தலையில விட்டுட்டுப் போவேன். காலையில அதே தலையில இருந்து ஆரம்பிப்பேன். அவன் நகர்ந்தா என் கணக்கு முழுக்கப் போச்சு."

அம்பாரோ அக்காவைப் பார்த்தாள். ஹொவிதா தன் தட்டைப் பார்த்தாள்.

"நான்தான் புடுங்கினேன்" என்றாள் அம்பாரோ. "உடனே அதே குழியில அடிச்சுட்டேன், மிஸ்டர். அதே இடம்தான். கொஞ்சம் கூட அடிச்சிருப்பேன்."

ஓடெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எவ்வளவு கூட?"

அவள் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் விரித்துக் காட்டினாள். அவர் அந்த இடைவெளியையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று அம்பாரோ நினைத்தாள். தோள்கள் குலுங்கின. கையை எடுத்தபோதுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரிப்பிலேயே கண்ணில் நீரும் வந்திருந்தது. அது மிளகாயால் அல்ல.

"கண்ணு போயிட்டான்னு நெனச்சேன் அம்மா" என்றார். "ராத்திரி தூக்கமில்ல. ஒரு கண்ணை மூடிப் பாத்தேன், மறு கண்ணை மூடிப் பாத்தேன். இத்தனை வருஷ வேலையில இப்படி ஒருநாளும் ஆனதில்ல. உனக்கு வயசாச்சு, வீட்டுக்குப் போன்னு மேல இருக்கவன் ஏற்கெனவே சொல்லிட்டிருக்கான். இன்னிக்கு அவனுக்கு எழுதிடலாம்னு இருந்தேன், நான் போறேன்னு." அவர் மறுபடி அம்பாரோவின் இரண்டு விரல்களைப் பார்த்தார். "அதே அளவு. நீங்க காட்டுறது அப்படியே என் தப்போட அளவு!"

கோல்காரன் எழுந்து வந்து அவர் முதுகில் ஓங்கித் தட்டினான். அவனும் பயந்துபோயிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சரி" என்றார் ஓடெல், திடீரென்று புருவத்தைச் சுருக்கி. "அது முதல் முளை. வாய்க்கால் கரையில இருந்த ரெண்டாவது?"

"அதை நான் தொடல. மாதா மேல சத்தியம்."

ஹொவிதா இருமினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்க காட்டையும் இவ காட்டையும் பிரிக்கிற மாதிரி நின்னுச்சு" என்றாள் அவள், ரொட்டியைக் கிழித்துக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி நட்டேன். தங்கச்சி வீடாச்சே, யாரு பாப்பா?"

"அக்கா! என்கிட்ட கேஸ் போடுவாங்கன்னு சொன்னது யாரு?"

"புடுங்கினாத்தான் கேஸுன்னேன். நான் புடுங்கவா செஞ்சேன்? தள்ளித்தானே வெச்சேன்!"

அந்தச் சமையலறை அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், சேறு பூசிய இரண்டு அமெரிக்கர்களும் அம்மாவும் பெரியம்மாவும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

மறுநாள் காலை அம்பாரோ கணவரை அழைத்துவரக் கிளம்பினாள். நிலாண்டுக்குப் பஸ் எப்போது வருமோ என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓடெல் லாரியின் கதவைத் திறந்துவிட்டார். "என் முளை மேல நீங்க வெச்ச பயத்துக்கு இது வாடகை" என்றார். அதன் அர்த்தம் அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. ஏறிக்கொண்டாள்.

பள்ளத்தாக்கு வடக்கே இறங்க இறங்க வெயில் கூடிற்று. உப்பு பூத்த வெள்ளைத் திட்டுகள் வந்தன. கடைசியில் தக்காளிக் காடுகள். லாபு சிங்கின் காட்டில் கூலியாட்கள் பெட்டி பெட்டியாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரிசைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் தலைப்பாகை குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது.

அம்பாரோ ஒன்றை யோசிக்க மறந்துவிட்டாள். அந்த லாரியின் கதவில் அரசாங்க முத்திரை பளபளவென்று இருந்தது.

தலைப்பாகை நிமிர்ந்தது. லாரியைப் பார்த்தது. லாரிக்குள், தொப்பி போட்ட ஆளின் பக்கத்தில், தன் மனைவி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தது. அடுத்த நொடி வர்யாம் சிங் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ஐம்பது வயதைத் தாண்டியவர் அப்படி ஓடுவார் என்று அவளுக்குத் தெரியாது. தக்காளிச் செடிகளைத் தாண்டித் தாண்டி, ரயில் பாதைக் கரையை நோக்கி ஓடினார்.

"நில்லுங்க! நில்லுங்க, நான்தான்!" அம்பாரோ கதவைத் திறந்து குதித்துப் பின்னால் ஓடினாள்.

"உன்னையும் புடிச்சுட்டாங்களா?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார் அவர். "நான் வாக்குமூலம் குடுத்துடறேன், உன்னை விட்டுடச் சொல்லு!"

"அப்புறம் ஏன் ஓடுறீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் வர்யாம் சிங் நின்றார். மூச்சு வாங்க இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார். தலைப்பாகை அவிழ்ந்து ஒரு முனை தக்காளிச் செடியில் சிக்கியிருந்தது. அம்பாரோ வந்த வேகத்தில் அவர் மேலேயே மோதி நின்றாள். சொல்ல வேண்டியதை எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். "ஒண்ணும் இல்ல. அவங்க மண்ணு உசரம் பாக்க வந்தவங்க. நம்ம வீடு மிளகு அளவுக்கு இருக்கு, பேரே இல்ல. வாங்க."

"யாரு பேரு இல்ல?"

"யாரு பேரும் இல்ல! நம்ம பேரு, ஹாஸ்கல் பேரு, ஒண்ணும் இல்ல!"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்கு நெற்றியில் வேர்வையும் கன்னத்தில் நேற்றைய சேறும் இருந்தன. லாபு சிங்கும் கூலியாட்களும் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால்கூடத் தன் மனதைக் காட்டாத மனிதர் வர்யாம் சிங், அவ்வளவு பேர் நடுவில் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி கட்டினியா?" என்றார்.

"கட்டினோம்."

"மடையை முழுசாத் திறந்துடலயே?"

"அதை வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

திரும்பும் வழியில் மூவரும் லாரியின் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மடியில் லாபு சிங் ஏற்றிவிட்ட தக்காளிக் கூடை. முதலில் வர்யாம் சிங் வாயே திறக்கவில்லை. அரசாங்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. பிராலி ஊரைத் தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தார். தன் காட்டின் தெற்கு மூலையில் மட்டும் ஏன் உப்பு ஏறுகிறது, வடிகால் வெட்டியும் ஏன் தண்ணீர் வடிவதில்லை என்று கேட்டார். ஓடெல் லாரியை ஓரம் கட்டி, தாளை எடுத்து ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் விரித்தார். பள்ளத்தாக்கு முழுக்க வடக்கே சாய்ந்திருந்தாலும் அந்த மூலை மட்டும் மேற்கே சாய்ந்திருந்தது. வர்யாம் சிங் இரண்டு வருஷமாக மேட்டைப் பார்த்து வடிகால் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதான் சொன்னேன், மேற்கால வெட்டுங்கன்னு" என்றாள் அம்பாரோ. அவள் அப்படிச் சொன்னதேயில்லை. ஆனால் இன்று அவளை மறுத்துப் பேச அவருக்கு மனமில்லை.

ஓடெல் அன்றே சவுக்கு மரத்தடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஹொவிதா தன் பிள்ளைகளையெல்லாம் முளைக்குக் காவல் வைத்தாள். மறுநாள் மத்தியானம் கோல்காரன் ரோட்டிலிருந்தே தொப்பியைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தான். கணக்கு கூடிவிட்டது, மயிரிழைகூடப் பிசகவில்லை. கூடாரம் இறங்கிற்று. ஓடெல் விடைபெறும்போது வர்யாம் சிங்கின் கையைப் பிடித்து, "உங்க பெண்டாட்டி நல்ல மனிதன்" என்றார். யாரும் திருத்தவில்லை.

லாரி போன புழுதி அடங்கியபின் வர்யாம் சிங் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனார். அம்பாரோ பாத்திரத்தைக் கழுவலாம் என்று உள்ளே வந்தவள், ஒரு நிமிஷம் என்று கட்டிலில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் அவர் ஹொவிதாவோடு, வரப்பை உடைத்தது யார் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஹொவிதா பலகையைக் குறைசொன்னாள். பட்டப்பகலில், பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்க, அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அம்பாரோ நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.